புரோயெத்தி கல்லறைக்கு ஒரு சிங்கம்

இந்தச் சிங்கத்துக்கு நாக்கு ஏன் இவ்வளவு நீளம், அண்ணன் இதைக் கவனித்திருக்க மாட்டான், எந்தக் குடும்பப் பெயரைச் சொன்னாலும் சிங்கத்தையோ கழுகையோ குலச்சின்னமாக அச்சடித்துத் தருகிற சந்தைக்கடையில் வாங்கியது, கீழே கொட்டை எழுத்தில் 'புரோயெத்தி, படைத்தளபதியின் வம்சம்'... முப்பது வருஷம் ஸ்பொலேத்தோ மலைப்பாதையில் பஸ் ஓட்டியவனுக்குத் தளபதி ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார், பாவம், எர்சிலியாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. குடும்பக் கல்லறையில் எது செதுக்கவும் அண்ணன் தங்கை இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், இந்தத் தாளில் அவளுடையது மட்டும்தான் பாக்கி.

"போடேன் எர்சிலியா, நாளைக்குக் கல்தச்சன் வர்றான்," என்றான் அண்ணன் ஒரேஸ்தெ, காப்பியை ஊற்றிக்கொண்டே.

"நல்லவேளை, நான் எங்கப்பா பேரோடவே இருக்கேன். செத்தப்புறம் சிங்கத்தோட படுக்க வேணாம்," என்று அண்ணி நீவெஸ் சிரித்தாள்.

அண்ணன்தானே அனுப்பினான், கொள்ளுத்தாத்தா பிறந்த வருஷம் கல்லில் போட வேண்டும், பார்த்துவிட்டு வா என்று... கோயில் பதிவேடு அவளைப் பழைய அநாதை விடுதியின் பதிவேட்டுக்கு அனுப்பியது, 1858, மார்ச், விடியற்காலை, வெளியே வைத்துச் சுற்றினால் பிள்ளை உள்ளே போய்விடும்படி விடுதிச் சுவரில் இருந்த சுழல்பெட்டியில் ஓர் ஆண்குழந்தை, அங்கே விடப்பட்ட எல்லோருக்கும் வைத்த பெயரே இவனுக்கும், புரோயெத்தி, எறியப்பட்டவன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் ஊசியால் குத்திவைத்த பாதிக் கைக்குட்டை. மறுபாதி தாயிடம் இருக்கும், திரும்பி வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பிள்ளையைக் கொடுப்பார்கள், அவள் வரவில்லை. ஆனால் வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்க நுணுக்கமாக மடித்துத் தைத்திருந்தாள், எத்தனை நாள் உட்கார்ந்து தைத்தாளோ, எறிகிறவள் ஓரம் அடிப்பாளா? எந்த எழுத்தர் வைத்த பெயர் இது, அவளைக் கேட்டா வைத்தான்? அண்ணனிடம் சொன்னால் இடிந்துபோவான், சொல்லாவிட்டால் அந்தத் தாய் இருந்த இடத்தில் இந்தச் சிங்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பெயரில்லாதவளுக்கு ஒரு கல்லில் எவ்வளவு இடம் வேண்டும்... அங்கே ஒன்றும் செதுக்காமல் வெறுமனே விட்டால் போதுமோ?

"என்ன யோசனை? பேனா எழுதலையா?"

"எழுதும்ணே."

"அப்புறம்?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள். அவன் முகத்தில் அத்தனை ஆசை இருந்தது, இன்றைக்கு முடியாது, என்றைக்கு முடியும் என்றும் தெரியவில்லை. தாளை மடிக்காமல் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வருஷம் மட்டும் போடச் சொல்லு, 1858. அதுக்குக் கையெழுத்துப் போடறேன், இந்தச் சிங்கத்துக்குப் போடல."