புதுப் பதிப்புக்குப் பத்துக் காரணம்

பிரவுசரை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பத்துக் காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை.

நான் தண்ணீர் விநியோக அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். போன் அடிக்கும், தண்ணீர் வரவில்லை என்பார்கள், அவர்களுடைய இணைப்பைத் திரையில் தேடி எடுப்பேன், வீட்டு எண்ணைப் பார்த்துப் புகாரைப் பதிவேன், பிறகு அந்தப் பகுதிக் குழாய்க்காரரைப் போனில் கூப்பிட்டு எண்ணைச் சொல்வேன். அவர் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்புவார். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க இதைத்தான் செய்கிறோம். ஆறு கம்ப்யூட்டரிலும் இருப்பது நாலு வருஷத்துக்கு முந்தைய பிரவுசர். 'இப்போதே புதுப்பிக்கவும்' என்று மூலையில் ஒரு பெட்டி அடிக்கடி எட்டிப் பார்க்கும். 'பிறகு' என்பதை அழுத்தி அதை விரட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பிரிவுத் தலைவரின் உத்தரவு. ஏனென்றால் அவருடைய மாதாந்திர அறிக்கை பழைய பதிப்பில்தான் ஒரே பக்கத்தில் பிரிண்ட் ஆகும். புதியதில் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறதாம். அந்த இரண்டு வரிக்காக நாங்கள் ஆறு பேரும் கற்காலத்தில் குடியிருக்கிறோம்.

அந்தப் பழைய பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் நகர்ந்து, 'சேமி' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். அதனால் எழுத்து எப்போதும் கடுகளவுதான். மற்ற ஐந்து பேருக்கு அது தொந்தரவு. எனக்கு ஆபத்து. என் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வருகிறது. கண்ணாடி மாற்றினால் சரியாகிற வகை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய எழுத்து நன்றாகத் தெரியும். சிறிய எழுத்து நடுவில் கலங்கும். என்னுடையது வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. பார்வை சரியில்லை என்று தெரிந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவரை அப்படித்தான் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரருக்கு மாதத்தில் பாதி நாள்தான் வேலை. ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை.

கண்டுபிடித்தவள் என் நாத்தனார். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள்.

"அண்ணி, ஊசியில நூல் கோக்கச் சொன்னா நீங்க காத்துல கோக்கறீங்க," என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் மழுப்பிப் பார்த்தேன். அவளிடம் பலிக்கவில்லை. அவள் அண்ணன் மாதிரி சொன்னதை நம்புகிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். பிறகு தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதில் எங்கள் அலுவலக பிரவுசரின் புதிய பதிப்பு இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பக்கம் தானாகவே மடங்கி அமைந்துகொண்டது, எந்தப் பொத்தானும் ஓடிப்போகவில்லை. பின்னணியைக் கறுப்பாக்கினாள். ஒரு வரியைத் தொட்டு ஏதோ அழுத்தினாள், அது அந்த வரியை வாய்விட்டு வாசித்தது. நான் அழுதுவிட்டேன்.

"ஓசியில கிடைக்குது, அண்ணி. இது இல்லாமயா ஒரு வருஷமா செத்துப் பிழைச்சீங்க?" என்றாள்.

அவளிடமும் நான் சொல்லாதது ஒன்று இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், 33-ஐ 38 என்று படித்துப் பதிந்தேன். குழாய்க்கார அண்ணனுக்கும் 38 என்றே சொன்னேன். அவர் போய், ஆளில்லாத அந்த வீட்டு வாசலில் புதிதாகப் போட்ட சிமெண்ட் தளத்தை உடைத்து முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிவிட்டார். 33-இல் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். அந்த வீட்டில் இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர்கள் மறுபடி போன் செய்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கை தானாகப் போய்ப் பதிவில் இருந்த 38-ஐ 33 ஆக்கியது. இல்லை, கையின் மேல் பழி போட்டுத் தப்பிக்கக் கூடாது. நான்தான் மாற்றினேன். விசாரணை வந்தபோது பதிவில் 33 இருந்தது, அவர் நோட்டில் 38 இருந்தது. மெமோ அவருக்குப் போனது.

அவர் என்னிடம் சண்டைக்கு வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனிதர் நேரே என் மேஜைக்கே வந்து, "அவசரத்துல தப்பா எழுதிட்டேன் போல, தங்கச்சி. உனக்கும் கெட்ட பேரு," என்றார். அதற்குப் பிறகு எந்த எண்ணைச் சொன்னாலும், இன்னொரு தரம் சொல்லு என்று கேட்பார். கேட்கிற ஒவ்வொரு முறையும் திரையோடு முகத்தை ஒட்டி எண்ணை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்வேன்.

நாத்தனார் கொடுத்த தைரியத்தில் திங்கட்கிழமையே ரீஸ்டார்ட்டிடம் போனேன். எங்கள் கம்ப்யூட்டர் ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாலும் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பார்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா, பத்து நிமிஷ வேலை. சார்தான் பத்துக் காரணம் எழுதிக் கேக்கறாரு. இதுவரைக்கும் யாரும் மூணைத் தாண்டல," என்றார்.

நான் ஒரே நாளில் ஒன்பது சேர்த்தேன். பக்கத்து நாற்காலிக்காரிக்கு, எதிர்முனையில் ஆள் கத்திக்கொண்டிருக்கும்போது திரை உறைந்துபோகிறதாம். அடுத்தவளுக்கு, திறந்து வைத்த பக்கங்களெல்லாம் மதியத்தில் ஒன்றாகச் செத்துவிடுகின்றனவாம். ஒருவர் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தத்தில் தன் குரலே கேட்கவில்லை என்றார். பழைய பதிப்பில் இருக்கும் ஓட்டைகளை யாரும் அடைப்பதில்லை, மக்களின் விவரங்களைத் தெருவில் வைத்த மாதிரி என்று ரீஸ்டார்ட்டே இரண்டு காரணம் ரகசியமாகச் சொன்னார். எல்லாம் உண்மை. எல்லாம் யாரையும் சுடாத உண்மை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஊர்த் தொந்தரவையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு என்னுடையதை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். பேனாவை மறுபடி எடுத்தேன்.

பத்தாவதாக எழுதியது இதுதான்: 'எனக்குச் சிறிய எழுத்து தெரிவதில்லை. 33-ஐ 38 என்று பதிந்தது நான். பிறகு ரகசியமாகத் திருத்தியதும் நான். குழாய்க்காரர் மேல் தவறு இல்லை. புதிய பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் பக்கம் குலையாது, எண்ணை வாசித்தும் காட்டும். அது இருந்தால் நான் பிழையில்லாமல் வேலை செய்வேன்.'

மறுநாள் காலை பிரிவுத் தலைவர் முதல் ஒன்பதையும் வேகமாகப் படித்தார். பத்தாவதை இரண்டு முறை படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒன்பது போதும்மா. தாராளம். இந்தக் கடைசியை எடுத்துட்டு வேற தாள்ல எழுதிக் குடுங்க. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். உங்க கண்ணு விஷயம் நான் கேள்விப்படவே இல்லை."

கெட்ட மனிதர் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது. கேட்டது கிடைக்கும், வேலையும் தங்கும், யாருக்கும் தெரியாது.

"அந்த மெமோ, சார்?"

"அது முடிஞ்சுபோன கதை. அவரே ஒத்துக்கிட்டாரே."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இப்ப ஒண்ணுதான் இருக்கு, சார். இதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

"வேலை போயிடும்மா. விளையாடாதீங்க."

"போனா போகட்டும். கண் டெஸ்டுக்கு அனுப்புங்க, போறேன். ஆனா முடிவு வர்ற வரைக்கும் அந்த நாற்காலியில நான்தான் இருப்பேன். இந்தத் தாளை நீங்க படிச்சாச்சு. இனிமே பழசை வெச்சு நான் இன்னொரு தப்புப் பண்ணா, தெரிஞ்சே விட்டது நீங்கன்னு ஆகும்."

அவர் என்னையே பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு இரண்டு உத்தரவு எழுதினார். ஒன்று, என்னைக் கண் பரிசோதனைக்கு அனுப்ப. இன்னொன்று, ஆறு கம்ப்யூட்டரிலும் புதிய பதிப்பு போட. மெமோவை ரத்து செய்யச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாக வாயால் சொன்னார். எழுதியதன் நகல் வேண்டும் என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கொடுத்தார்.

மதியத்துக்குள் ரீஸ்டார்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். எண்கள் பெரிது பெரிதாக நின்றன. முதல் காரியமாகக் குழாய்க்கார அண்ணனைக் கூப்பிட்டேன். மற்ற ஐந்து பேரும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன்.

"அண்ணே, நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. முப்பத்தெட்டுன்னு சொன்னது நான். அப்புறம் மாத்தி மறைச்சதும் நான்."

நான்கு மேஜை தள்ளி யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"மெமோ வந்த அன்னிலேர்ந்து, கெழவனாயிட்டீங்க, வேலைய விட்டுடுங்கன்னு வீட்டுல தினம் சொல்றா. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்," என்றார். குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும், நியாயமான கோபம். "போன வாரம் விலகல் கடுதாசிகூட எழுதி வெச்சிட்டேன், தங்கச்சி."

"கிழிச்சுப் போடுங்க, அண்ணே."

"நான் சொன்னா நம்பமாட்டா. இரு, சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கேன், பக்கத்துலதான் இருக்கா. நீயே சொல்லு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரு என்று ஒரு பெண் குரல் சந்தேகத்தோடு கேட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் தப்புப் பண்ணலை," என்று ஆரம்பித்தேன்.