கயிற்றுக்காரன் மேல் விழுந்த சாபம்

ரெங்கம்மாள் ஒப்பாரி வைத்தால் குரும்பலூர்ச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுச் சாவும் எடுப்பாக இருக்கும். உயிரோடிருந்தவரை எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுசன்கூட அவள் பாட்டில் அன்னதானப் பிரபு ஆகிவிடுவான். அப்பேர்ப்பட்டவளுக்கு, யுத்தத்தால் துணிக்குக் கன்ட்ரோல் வந்த அந்த வருசம், வாய் திறக்கவே நாக்கூசியது.

செத்தது அவளுடைய உயிர்த்தோழி ஜெகதாம்பாளின் புருசன் வைரக்கண்ணு. கொன்றது ரெங்கம்மாள் வீட்டுக் காளை. காலையில் தெறித்து ஓடியது, கிணற்றுமேட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவனை முட்டி உள்ளே தள்ளிவிட்டது. பாழாய்ப்போன கிணற்றில் தண்ணீரும் இல்லை.

காளையை அவள் கட்டவே இல்லை. சந்தைக்குப் போகிற அவசரத்தில் கயிற்றை முளைக்குச்சியில் சும்மா சுற்றிவிட்டுப் போயிருந்தாள். சேதி கேட்டு ஓடிவந்தபோது, காளை கயிற்றை முழுசாக இழுத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பி நின்றிருந்தது. அவள் பிணத்தைப் பார்க்கப் போகுமுன் அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டினாள். வெட்டிய துண்டை முளைக்குச்சியில் கட்டினாள். "கயிறு அறுந்துபோச்சு" என்று ஊருக்குச் சொன்னாள். ஊர் நம்பியது. போன வாரம் சந்தையில் அந்தக் கயிற்றை விற்ற கருப்பண்ணன் தலையில் பழி விழுந்தது.

கருமாதி வரைக்கும் காலையும் மாலையும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அடி எடுப்பது ரெங்கம்மாள்தான். முதல் நாளே ஜெகதாம்பாள் அவள் காதில் சொன்னாள்.

"கயிறு திரிச்சவனப் பாடுடி. அவன் கை வெளங்கக் கூடாது."

ரெங்கம்மாள் பாடினாள்.

"புளிச்ச நார் எடுத்து
பொய்க்கயிறு திரிச்சவனே
திரிச்ச கை அழுகாதோ..."

சும்மா சொல்லக்கூடாது, பாட்டு பிரமாதமாக அமைந்துவிட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஒரு வாரத்தில் கருப்பண்ணன் கயிற்றைத் தொட ஆளில்லை. அவனே ஒரு கயிற்றைத் தூக்கிக்கொண்டு எழவு வீட்டு வாசலுக்கு வந்தான். "இழுத்துப் பாருங்க ஆத்தா, நான் திரிச்சது அறுவாதுங்க" என்று அழுதான். பெண்கள் வைது விரட்டினார்கள். ரெங்கம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளால் முடியவில்லை. பாட்டு தானாகத் திரும்பிக்கொண்டது.

"கட்டாம விட்ட கை
என் கையி அழுகாதோ
நான்தானே கொன்னேன்..."

சொல்லிவிட்டோம், இனி அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். எவளும் அடிக்கவில்லை. பத்துப் பெண்களும் மாரில் அறைந்துகொண்டு, "நான்தானே கொன்னேன்" என்று உருக்கமாகத் திருப்பிப் பாடினார்கள். கலையும்போது மீன்சுருட்டி ஊரிலிருந்து வந்திருந்த ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெஞ்ச அறுத்துட்டீங்க அக்கா. எங்க மாமனாருக்கும் நீங்கதான் வரணும். அவரு இன்னும் ஒரு வாரம் தாங்குறது கஷ்டம்."

எல்லாரும் போனபின் ரெங்கம்மாள் தோழியின் முன்னால் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வெட்கம் தின்றது.

"ஜெகதா, அது பாட்டு இல்லடி. நெசம். நான்தான் கட்டல."

ஜெகதாம்பாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

"தெரியும். அறுந்த கயிறுன்னா நுனி பிசிறா இருக்கும். உன் கொட்டாயில கெடந்தது வாழத்தண்ட வெட்டுனாப்புல இருந்துச்சு. பொணம் எடுக்குறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"பின்ன ஏண்டி கயித்துக்காரனப் பாடச் சொன்ன?"

"நீ எத்தன நாளு பாடுறேன்னு பாத்தேன். பத்து நாளு பாடிட்ட."

ரெங்கம்மாளுக்கு அந்த வறண்ட கிணற்றிலேயே போய் விழுந்துவிடலாம் போலிருந்தது. ஜெகதாம்பாள் அவளைப் பார்க்காமலே பேசினாள்.

"கட்ட மறந்தது மனுச சென்மம். அன்னைக்கே எங்கிட்ட அழுதிருந்தா நானே உன்ன மறைச்சிருப்பேன். பாவம், அவன் என்னடி பண்ணுனான்? நானும் வாய மூடிக்கிட்டுக் கூடப் பாடுனேன் பாரு, என்னையும் செருப்பால அடிக்கணும்."

ரெங்கம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பத்து நாளில் பாட்டில்லாமல் அழுதது அப்போதுதான்.

"கருமாதி முடிஞ்சு வர்ற மொத சந்தைக்குப் போ. கருப்பண்ணன் கடை முன்னாடி உக்காந்து, இன்னைக்குப் பாடுனத ஊரு கேக்கப் பாடு."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையில எப்படிடி பாடுவ? திருப்பிச் சொல்ல ஒருத்தி வேணுமில்ல. நானும் வரேன்."