பரண் பெட்டியில் இருந்த பல் செட்

தையல்காரம்மா அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. பண்டிகை நாளில்கூட பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு தைக்கிறவள் கடையைப் பூட்டினால், காரணம் பெரிசாகத்தான் இருக்கும். மகளுக்கு நிரந்தரப் பல் வைக்க அளவு எடுக்கும் நாள் அது.

மகளுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் பிறவியிலேயே கிடையாது. நடுவில் இருக்கும் இரண்டு பெரிய பல்லுக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஏழு வயதில் பால்பல் விழுந்ததோடு சரி, அப்புறம் எதுவும் முளைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஈறுக்குள்ளும் ஒன்றும் இல்லை. எலும்பு வளர்ந்து முடியும்வரை இம்ப்ளான்ட் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் கழற்றி மாட்டுகிற பல் செட்டு. பிறகு பல்லை நகர்த்தக் கம்பி, பிறகு படிப்பு, பிறகு வேலை என்று தள்ளித் தள்ளிப் போய், இருபத்தைந்து வயதில்தான் எலும்புக்குள் ஸ்க்ரூ இறங்கியது. நாலு மாதத்தில் அது கெட்டியாகப் பிடித்தும் விட்டது. இனி அதன்மேல் பல்லைப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

"முதல் முதல்ல போட்ட செட்டு இருந்தா கொண்டு வாங்க. அந்தப் பல்லோட வடிவம்தான் இவங்களுக்குப் பிடிச்சிருக்காம்," என்று போன தடவை டாக்டர் சொல்லியிருந்தார். தையல்காரம்மா காலையிலேயே நாற்காலி போட்டு ஏறி, பரணில் இருந்த பழைய சூட்கேஸைத் துழாவி, வட்டமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். குலுக்கிப் பார்த்தாள், உள்ளே சத்தம் கேட்டது. அது போதாதா? ஒரு வீட்டில் எத்தனை பல் செட்டு இருக்கப்போகிறது?

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா புதியவர். பழைய டாக்டர் கிளினிக்கை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் ஃபாரத்தை முதலிலிருந்து நிரப்பினார்.

"வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி பல் இல்லாம இருக்கா?"

"யாருக்கும் இல்ல டாக்டர். எல்லாம் என்னாலதான்," என்றாள் தையல்காரம்மா. "இவ வயித்துல இருக்கும்போது எனக்கு ஜுரம். அவசரப்பட்டு மாத்திரை போட்டுட்டேன்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பாட்டை அவள் எத்தனையோ கிளினிக்கில் கேட்டுவிட்டாள். அதை முதலில் பாடிக் கொடுத்தது அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. எக்ஸ்ரே எடுத்த அன்றைக்கே, "நீ மாசமா இருக்கும்போது மாத்திரை முழுங்கினியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமாகத் தையல்காரம்மா ஒரு மாத்திரையைக்கூட வாயில் வைத்ததில்லை. காய்ச்சலில் கொதித்துக் கிடந்தாலும் சரி, தலை இரண்டாகப் பிளந்தாலும் சரி, ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். யாரும் விதிக்காத தண்டனை, அவளே விதித்துக்கொண்டது. "மாத்திரையால இப்படி ஆகாதும்மா," என்று பழைய டாக்டர் சொல்லத்தான் செய்தார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். குற்ற உணர்ச்சி பிடித்தவர்களிடம் நல்ல வார்த்தை எடுபடுமா என்ன?

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து, செட்டை எடுத்து, மகளின் சின்ன வயது பிளாஸ்டர் அச்சில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் உட்காரவில்லை.

"இது இவங்களோடது இல்லையே."

"அது எப்படி டாக்டர்? ரெண்டு பல்லுதானே இருக்கு? அதே இடம்தானே?"

"இடம் அதேதான். ஆனா இது பெரியவங்க வாய். நல்ல அகலமான அண்ணம், ஆம்பளையா இருக்கணும். ரொம்பப் பழசு வேற. தூங்கும்போதுகூட கழட்டாம போட்டிருக்காங்க. பாருங்க, ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக் கடிச்சு ஓரம் எப்படித் தேஞ்சிருக்கு."

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, என்னோட முதல் செட்டுல ஜிகினா போட்டிருக்கும். இது யாரோடது?"

தையல்காரம்மா அந்தத் தேய்ந்த ஓரத்தையே பார்த்தாள். ராத்திரியில் பல்லைக் கடிக்கிற மனிதரோடு அவள் இருபத்தேழு வருஷமாகத் தூங்குகிறாள். அந்த நறநறச் சத்தத்தை வைத்தே அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவர் ஏன் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் பல் தேய்ப்பதில்லை? "மனுஷன் உள்ளே போனா தவம் பண்றார்," என்று வீடே கேலி செய்யும். முழு ஆப்பிளைக் கடிப்பது நாகரிகம் இல்லை என்பார். அவருக்கும் மகளுக்கும் ஒரே தட்டில் மெல்லிசாக நறுக்கி வைத்தவள் அவள்தான். ஊர்ப்பட்ட பேருக்குத் தோள் அளவு, இடுப்பு அளவு என்று அரை அங்குலம் பிசகாமல் எடுக்கிறவள், தட்டில் இருந்த துண்டைப் பார்க்கத் தெரியாத குருடியாக இருந்திருக்கிறாள்.

"இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றதும்மா," என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "அதுவும் இதே ரெண்டு பல்லுன்னா... நீங்க போட்ட மாத்திரைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஃபாரத்தில் 'வீட்டில் வேறு யாருக்காவது' என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. சரியான டப்பாவோடு அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குப் போக பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். அங்கேதான் அவள் கணவருக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்பாளர். அவருடைய உச்சரிப்புக்கு அவ்வளவு பேர். தெரிந்தவர்கள் எல்லாம் அவரை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று தலைக்கு மேலே அந்தக் குரல் கணீரென்று ஒலித்தது. ஒரு எழுத்தும் சறுக்கவில்லை. தையல்காரம்மாவுக்குக் கால் நகரவில்லை. மூன்று பஸ் வந்து போயிற்று.

"ஸ்கூல்ல ஓட்டைப்பல்லின்னு கூப்பிடறாங்கன்னு அப்பா மடியில படுத்துத்தானேம்மா அழுதேன்," என்றாள் மகள். "எனக்கும் அப்படித்தான்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாலாவது பஸ்ஸில் ஏறினாள்.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வழக்கம்போல் டீக்காக மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். டீ வைக்கிற இடத்தில் டப்பா திறந்து கிடந்தது. கையெடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வேறு எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"கழட்டுங்க," என்றாள் தையல்காரம்மா.

"பாப்பா இருக்கா..."

"அவ முன்னாடிதான் கழட்டணும்."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கழற்றினார். திரும்பியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே யாரோ ஒரு வயதான மனிதர் உட்கார்ந்திருந்தார். மேலுதடு உள்ளே போயிருந்தது. அசப்பில் ஏழு வயது மகள் மாதிரியும் இருந்தார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"மாத்திரையால இல்ல," என்றார். வார்த்தைக்கு வார்த்தை காற்று சீறியது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கேட்காத குரல். "என்னாலதான். முதல்ல ஒரு இடத்துல பொண்ணு பாத்தாங்க. என் பல்லைப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. அதான் உன்கிட்ட சொல்லல."

"கல்யாணத்துக்காக மறைச்சீங்க. தொலையட்டும், விடுங்க. நான் பாவி, என் பிள்ளை வாயை நானே கெடுத்துட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதேனே, அன்னைக்கு எங்கே இருந்தீங்க? பக்கத்துலதானே இருந்தீங்க? தண்ணி கொண்டு வந்து குடுத்தீங்களே!"

அவர் மேஜையைப் பார்த்தார்.

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அதைவிட இன்னொரு ஆசை பெரிதாக இருந்தது. பதினெட்டு வருஷமாக வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நாலு பேர் நடுவே "மாத்திரை முழுங்கினவ" என்று சொல்லிச் சொல்லிக் காட்டிய நாத்தனாருக்கு இது தெரிந்தாக வேண்டும். பாவம், அவர் தம்பிக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே கல்யாணமாகி வெளியூர் போனவர். அப்போது இவருக்குப் பால்பல்தான் இருந்திருக்கும். தெரியாமல்தான் பேசினார். தெரிந்தால் வாயை மூடிக்கொள்வார், ஒரு மன்னிப்புகூடக் கேட்பார்.

"அண்ணிக்குப் போன் போடுங்க," என்றாள்.

"அக்காவுக்கு எதுக்கு இப்ப..."

"போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அதை மாட்டாம, இப்படியே பேசுங்க. மாத்திரையால இல்லன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். மகள் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவர் முன்னால் வைத்தாள். நாலாவது மணியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றார் அவர். சொற்கள் ஊதிக்கொண்டு வந்தன.

"என்னடா, செட்டைக் கழட்டிட்டா பேசற?" என்றது நாத்தனாரின் குரல், வெகு சாதாரணமாக. "மறுபடியும் உடைஞ்சுடுச்சா? அவ எங்கே, கடைக்குப் போயிருக்காளா? பாத்துப் பேசுடா, காதுல விழுந்துடப் போகுது."

தையல்காரம்மா கணவரைப் பார்த்தாள். இவர் ஒருவர் மறைத்தது ஒரு புறம். தெரிந்தே, தம்பியின் குறையை மூட அவள் தலையில் ஒரு பழியைத் தைத்து மாட்டிவிட்டு, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வருஷா வருஷம் வந்து பார்த்துவிட்டுப் போனவர் நாத்தனார்.

"டேய், லைன்ல இருக்கியா?"

தையல்காரம்மா போன் பக்கம் குனிந்தாள்.

"இருக்கோம் அண்ணி," என்றாள். "எல்லாரும் இருக்கோம்."

அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். அவளே போனை அணைத்தாள்.

கணவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததும் சேர்ந்து, தலை விண்விண்ணென்று தெறித்தது.

"பாப்பா," என்றாள் மகளிடம், "உன் பையில தலைவலி மாத்திரை வச்சிருப்பியே, ஒண்ணு குடு."

மகள் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, தையல்காரம்மா அதை வாயில் போட்டு விழுங்கினாள்.