சந்தனம் வைத்த சிடி

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசைப் பேச்சை ஒட்டுக்கேட்டுத் திருடினது. கற்பனை என்று புளுகும் எழுத்தாளர்களும் எங்கேயாவது காதை நீட்டினவர்கள்தான். பேசினவர்கள் ரசம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். பாதிக் கதைதான் என் கையில்.

"கிள்ளானில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், தாமரை தன் கடை வாசலில்—"

வேண்டாம். மழையில் ஆரம்பிக்கிறவனுக்குச் சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம்.

2

தாமரை கிள்ளானில் கல்யாணக் கார்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு தனியாக நடத்துகிறாள். அவளுடைய தமிழ் எழுத்தெல்லாம் ஒரு பழைய சாஃப்ட்வேரில். அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அது இருந்த கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. வேறொன்று வாங்கி, பழைய விண்டோஸ் சிடியைப் போட்டால், உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று அது சாதிக்கிறது.

மகள் வாணியும் மருமகன் கிரிஷாந்தும் பெட்டாலிங் ஜெயாவில். கடையை மூடிவிட்டுப் பேரப்பிள்ளையைப் பார்க்க வா என்று ரொம்ப நாளாக நச்சரிப்பு.

"கம்ப்யூட்டர் ஓடலேன்னா கடைச் சாவியக் கொடுத்திடுறேன் மாப்பிள்ளை. ஓடினா, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

அதைச் சரிசெய்ய ஒத்துக்கொண்டவனும் அதே மாப்பிள்ளைதான்.

(என்ன நாடகம் இது என்பீர்கள். பக்கத்து மேசையில் இப்படித்தான் சொன்னார்கள். அங்கே போய்க் கேளுங்கள்.)

3

கிரிஷாந்த் பழைய சிடியில் இருந்ததையெல்லாம் தன் லேப்டாப்புக்கு இழுத்தான். பிற்பாடு வந்த அப்டேட்டுகளை அதிலேயே கலந்தான். இந்த ஹார்ட் டிஸ்க்கை அடையாளம் காட்டும் டிரைவரையும் சேர்த்தான். கம்ப்யூட்டர் அதிலிருந்தே கிளம்புகிற மாதிரி ஒரு காலி சிடியில் எழுதி, மாமியாரிடம் கொடுத்துவைத்தான். இது விளங்குவதற்குப் பல பேரிடம் கேட்டேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாரும் படித்தவர்கள்.

"கிரிஷாந்த் நல்லவன்." அடித்துவிட்டேன்.

"கிரிஷாந்த் வேண்டுமென்றே டிரைவரை விட்டுவிட்டு—" இதையும் அடித்துவிட்டேன். ஆனால் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மாமியார் கடைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிற மருமகனை நீங்கள் நம்புவீர்களா?

4

"சிடி எங்க மாமி?"

"சாமிப் படத்துக்கிட்ட. புதுசாச்சே, சாமி கும்பிடாம சும்மா போடலாமா?"

போட்டான். சிடி உள்ளே கரகரவென்று சுற்றியது. திரை கறுப்பு. மறுபடியும் போட்டான். கறுப்பு.

"படிக்க மாட்டேங்குது மாமி."

தாமரை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சொன்னா சொன்னதுதான்."

"ஏம்மா மூஞ்சிய இப்படி வெக்கிற? எங்க வீடு என்ன ஜெயிலா?" என்றாள் வாணி, இடுப்பில் பிள்ளையோடு.

"ஜெயில்ல தண்டனை முடிஞ்சா விட்டுடுவாங்க லா."

கிரிஷாந்த் சிடியை வெளியே எடுத்துத் திருப்பினான். மின்னுகிற பக்கத்தில், ஓட்டையைச் சுற்றிச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

"மாமி... பொட்டு வெச்சீங்களா?"

"அந்தப் பக்கம் நீங்க மார்க்கர்ல கிறுக்கி வெச்சிருந்தீங்க. இதுதான் கண்ணாடியாட்டம் இருந்துச்சு. முகம்னு நெனச்சேன்."

(படிக்கிற பக்கத்தில் பொட்டு வைத்தால் மெஷின் எப்படிப் படிக்கும்? கண்ணிலேயே சந்தனத்தை அப்பின மாதிரி. சிரிக்கிறவர்கள் முதலில் உங்கள் வீட்டு வாஷிங் மெஷினைப் போய்ப் பாருங்கள்.)

பொட்டைப் பற்றி வாய் திறக்காமலே இருந்திருக்கலாமே, அப்போ அவன் நல்லவன்தானே என்று அவசரப்படாதீர்கள். வாணி பக்கத்தில் நின்றாள். அவளும் பார்த்துவிட்டாள்.

5

முதல் முடிவு: சிடியைத் துடைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் ஓடுகிறது, மாப்பிள்ளை மாமியாரின் காலில் விழுகிறான், எல்லாரும் அழுகிறார்கள். பத்திரிகைக்காரன் உடனே போடுவான். கிழித்தேன்.

இரண்டாவது: துடைத்ததில் சிடி கீறிப் போகிறது, தாமரை பெட்டாலிங் ஜெயாவில் பால் புட்டி கழுவிக்கொண்டு— இதுவும் வேண்டாம். கண்ணீர் வேண்டுமென்றால் வெங்காயம் உரியுங்கள்.

என்னால் கொண்டுபோக முடிந்தது இவ்வளவுதான். பிள்ளை சிணுங்க, வாணி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தாமரை சிடியைக் கழுவி, முந்தானையால் ஒற்றி, தானே உள்ளே தள்ளினாள். கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

திரையில் ஒரு வரி வருகிறது. சிடியிலிருந்து கிளம்ப ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு என்கிறது. கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். யாரும் அமுக்காவிட்டால் திரை பழையபடி கறுத்துவிடும். "செத்துப் போச்சு மாமி" என்று கிரிஷாந்த் சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அந்த வரியைப் பார்த்தவன் அவன் மட்டும்தான். கீபோர்டும் அவன் முன்னால்தான்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. "உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்று வயதானவர்களின் பிழைப்பைப் பிடுங்கி வீட்டில் உட்காரவைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவன் விரல் என்ன செய்யும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.