பன்னிரண்டு தப்படி

இனாயத் மூன்றாவது குடத்தையும் திரைக்கு அடியில் தள்ளினான். உள்ளிருந்து ஈரமான ஒரு கை அதை இழுத்துக்கொண்டது.

"தண்ணி போதும் நைனா," என்றாள் சகினா. "பஞ்சு இருந்தா குடு."

"அப்பவே குடுத்தேனே."

"பத்தல. நிக்க மாட்டேங்குது."

எது என்று அவன் கேட்கவில்லை.

கச்சேரி ரோட்டுச் சந்துகளில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டுவது சகினாதான். இன்று குளிப்பாட்டிக்கொண்டிருந்தது இனாயத்தின் தங்கை வஜீஹாவை. இருபத்தாறு வயது. புருஷன் ரங்கூனில் காலராவில் போய் இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். விடிகிற நேரத்தில், தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டாள்.

முன்கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசலில் இருந்து வந்த கரீமுல்லா முற்றத்து ஓரத்தில் நின்று குரல் கொடுத்தார்.

"லுஹர் தொழுகைக்குள்ள எடுக்கணும் சகினாம்மா. கல்யாணப் பொண்ணை ஜோடிக்கிற மாதிரி நேரம் ஆக்கினா எப்படி?"

"உன் முறை வர்றப்போ சீக்கிரம் முடிக்கச் சொல்றேன், போ," என்று திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

இரண்டு பேர் சிரித்து, உடனே இருமினார்கள். இனாயத் முற்றத்தைக் கடந்து முன்கூடத்துக்குப் போனான். பன்னிரண்டு தப்படி. அது அவனுக்குத் தெரியும்.

டாக்டர் சுப்பராமன் முதல் தடவை வந்தது பொங்கல் கழிந்த வாரம். முன்கூடத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். வஜீஹா முற்றத்துக்கு அந்தப் பக்கம், இதே பச்சைத் திரைக்குப் பின்னால். வெளி ஆண் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, குரலையும் கேட்கக் கூடாது. நாடி பார்க்கக் கையை மட்டும் மணிக்கட்டு வரை வெளியே நீட்டலாம். மற்றதை எல்லாம் இனாயத் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்.

அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

"உதிரம் நிக்கல அண்ணே. ரெண்டு மாசமா. ஒரு நாளைக்கு அஞ்சு துணி நனையுது. அடிவயித்துல வலி. நான் சொன்னதை அப்படியே சொல்லு."

அவன் முற்றத்தில் இறங்கினான். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தினமும் லஸ் முனையில் அவனோடு ஒரே டிராமுக்கு நிற்கிறவர். புருஷன் செத்து இரண்டு வருஷமான பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை என்றால் ஒருவருக்கு முதலில் என்ன தோன்றும்? ஏழாவது தப்படியில் அவனுக்கு இது வந்தது. பன்னிரண்டாவதில் வாக்கியம் தயாராக இருந்தது.

"வயித்து வலிங்குது சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"பொம்மனாட்டி சமாசாரம் ஏதாவது இருந்தா கூச்சப்படாம சொல்லச் சொல்லு. கோஷா ஆஸ்பத்திரில லேடி டாக்டர் இருக்கா. லெட்டர் எழுதித் தரேன். மூடின ஜட்கால போனா அரை மணிதான்."

"அதெல்லாம் இல்ல சார்."

திரும்பிப் போனான். திரை லேசாக அசைந்தது.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"மருந்து தர்றாராம். கொஞ்சம் பொறுத்துக்கணுமாம்."

"பொறுத்துக்கறேன்," என்றாள். குரலில் நிம்மதி இருந்தது.

அம்மா பக்கத்தில் இருந்ததால்தான் சொல்ல முடியவில்லை என்று பிற்பாடு அவன் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான். அம்மா அன்று அடுப்படியில் இருந்தாள்.

மருந்து சோம்பு மணத்தது. பாட்டிலின் பக்கவாட்டில் காகிதத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. வஜீஹா ஒரு வேளையும் தவறவில்லை. உதிரத்துக்கான மருந்து என்று நினைத்துக் குடித்தாள். இரண்டாவது தடவை டாக்டர் வந்தபோது, வலி குறையவில்லை என்று மட்டும் சொன்னான். மூன்றாவது தடவை, டாக்டர் நாடி பார்த்துவிட்டு அவள் விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு முன்கூடத்துக்கு வந்தார்.

"நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே. ரத்தம் ஏதாவது போறதா? கேட்டுண்டு வா."

இனாயத் முற்றத்தைக் கடந்தான். திரைக்கு முன்னால் நின்றான். ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தான்.

"இல்லையாம் சார்."

டாக்டர் இரும்பு டானிக் எழுதினார்.

இப்போது உள் அறையில் அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்காகச் சொன்னாலும் கூடம் வரை கேட்டது.

"அந்த ஐயருக்கு எல்லாம் தெரியும். என் பிள்ளை ஒண்ணு விடாம சொல்லியிருக்கான். தெரிஞ்சே சோம்புத் தண்ணியைக் குடுத்துக்கினு இருந்தான். அவன் வீட்டுப் பொண்ணுன்னா இப்படி விடுவானா?"

"நம்பள்னா அவங்களுக்கு அப்படித்தான்," என்றது இன்னொரு குரல்.

இனாயத் வாசலைப் பார்த்தான். டாக்டர் சுப்பராமன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கரீமுல்லா நாற்காலியைக் காட்டினார். அதே நாற்காலி. டாக்டர் உட்காரவில்லை. அம்மா பேசியது அவர் காதில் விழுந்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

"கம்பவுண்டர் வந்து சொன்னான். நேத்து ராத்திரியே ஆள் அனுப்பியிருக்கலாமேப்பா."

"திடீர்னு ஆயிடுச்சு சார்."

"மூணு தடவை பார்த்தேன். வயித்து வலி, வயித்து வலின்னுண்டு. எங்கேயோ கோட்டை விட்டுட்டேன் இனாயத். நெனச்சு நெனச்சுப் பார்க்கறேன், பிடிபடலை." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்திருந்தார். "வேற யாராவது பார்த்திருந்தா பிழைச்சிருப்பாளோ என்னமோ."

சொல்வதென்றால் அதுதான் நேரம். இனாயத் வாயைத் திறந்தான்.

"நைனா," என்று சகினா கூப்பிட்டாள்.

போனான். திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எத்தினி மாசமா இந்தப் பொண்ணுக்கு இப்படிப் போய்க்கினு இருந்துது?"

அவன் திரும்பி முன்கூடத்தைப் பார்த்தான்.

"உள்ள ஒண்ணுமே மிச்சம் இல்ல, சக்கையா கீது. வந்துகீறது அந்த டாக்டருதானே? அவராண்ட ஒரு வார்த்தை கேளு, இது இன்னா சீக்குன்னு. எம்பொண்ணும் ரெண்டு மாசமா இதையேதான் சொல்லிக்கினு கீது. தன்னால நின்னுடும்னு நானும் சும்மா இருந்துட்டேன். இதைப் பார்த்தப்புறம் கையே ஓடல."

"கேக்கறேன்."

"நானே வருவேன். மய்யித்தை இப்படி விட்டுட்டு எப்படி வர்றது? நீ கேளு."

அவன் முற்றத்தில் இறங்கினான். வெயில் நேராக விழுந்தது. காலுக்கடியில் கல் சுட்டது. முன்கூடத்தில் ஆண்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கரீமுல்லா பார்த்தார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"என்னவாம்?"

இரண்டு மாசமாக என்று தொடங்கினால் போதும். இவருக்கு எல்லாம் புரிந்துவிடும். தங்கைக்கு என்ன இருந்தது என்பதும் புரியும், அவன் என்ன செய்தான் என்பதும் புரியும்.

"பஞ்சு வேணுமாம் சார்."

டாக்டர் தலையை ஆட்டினார். வாசலில் நின்ற கம்பவுண்டரை அனுப்பினார். "பெரிய கட்டா எடுத்துண்டு வா, ஓடு." அதையாவது தன்னால் செய்ய முடிந்ததே என்பதுபோல, பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீலக் காகிதம் சுற்றிய கட்டு வந்தது. இனாயத் அதை வாங்கிக்கொண்டு நடந்தான். திரைக்கு முன்னால் குனிந்தபோது, சுவர் மாடத்தில் மருந்து பாட்டில் கண்ணில் பட்டது. இரண்டு வேளை பாக்கி இருந்தது.

திரைக்கு அடியில் சகினாவின் கை வந்தது. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அவன் கட்டை அதில் வைத்தான்.

"கேட்டியா நைனா? இன்னா சொன்னாரு?"

முன்கூடத்தில் கரீமுல்லா நேரமாகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கை பஞ்சுக் கட்டைப் பிடித்தபடி திரைக்கு வெளியிலேயே இருந்தது. உள்ளே போகவில்லை.