மாலை போட்ட படம்

கங்காரு நாட்டு மெரிலேண்ட்ஸில் ஒரு கோழிக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிற சமூக நூலகத்தில் இந்திரகுமார் சனிக்கிழமைத் தொண்டர். வயது ஐம்பத்தெட்டு. வாரநாட்களில் பார்சல் பிரிக்கிற கிடங்கில் வேலை. சனிக்கிழமைகளில் புத்தகம் பிரிக்கிற வேலை. இரண்டும் ஒன்றுதான், புத்தகங்களுக்கு மட்டும் முகவரி கிடையாது என்பார்.

அந்த ஜூலையில் நூலகம் கறுப்பர்களின் வரலாற்றுக்கும் எழுத்துக்கும் என்று ஒரு வாரத்தை ஒதுக்கியிருந்தது. ஆப்பிரிக்க நாவல்கள், அமெரிக்கக் கறுப்பர் வரலாறு, எல்லாவற்றுக்கும் முன்வரிசையில் இந்த மண்ணின் ஆதிக்குடிகள் எழுதியவை. அட்டைகள் தெரியும்படி அவற்றை நிறுத்திக்கொண்டே, கூட நின்ற கல்யாணியிடம் சொன்னார்.

"ஊரில என்னைப் பள்ளிக்கூடம் முழுக்கக் 'கறுவல்' எண்டுதான் கூப்பிட்டது, தங்கச்சி. எனக்கு ஆரும் வாரம் கொண்டாடேல்ல."

"எனக்கு வீட்ல க்ரீம் வாங்கிக் குடுத்தாங்கண்ணா. பத்து வருஷம் பூசினேன். பாருங்க, அதே கலர்" என்றாள் கல்யாணி. அவள் திருச்சிக்காரி. குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு, சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. நூலகத்தின் நிகழ்ச்சிகளை அவள்தான் ஒழுங்கு செய்வாள்.

வாரத்தின் கடைசி நாள் சனிக்கிழமை, பதினொரு மணிக்கு ஒரு வாசிப்பு. ஆதிக்குடிக் கவிஞர் ஒருவர் ஏப்ரலில் காலமாகியிருந்தார். அவர் குறிப்புப் புத்தகத்தில் விட்டுப்போன கடைசிக் கவிதைகளை மகள் லியான் வந்து முதன்முறையாக வாசிப்பதாக ஏற்பாடு. அந்தக் கவிஞரின் பெயர் இந்தக் கதையில் வராது. காரணம் கொஞ்சத்தில் தெரியும். நூலகத்தில் எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். தங்கள் ஆட்களும் மூத்தவர்களை அன்ரி, அங்கிள் என்றுதான் அழைப்பார்கள் என்று அவர் சொன்னபோது, இந்திரகுமாருக்குப் பாதி சொந்தம் ஆகிவிட்டதுபோல இருந்தது. மிச்சப் பாதியும் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் பிழை.

அன்ரிக்கு அவர் ஒரு நன்றிக்கடன் பட்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன், அவர் தொண்டராகச் சேர்ந்த முதல் நாள், சிறுவர்களுக்குக் கதை வாசிக்கிற பெண் வரவில்லை. இந்திரகுமாரைப் பிடித்து உட்கார்த்திவிட்டார்கள். அவருடைய ஆங்கிலத்தில் முயல் ஒன்று காட்டுக்குள் போகுமுன்பே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அப்போது யன்னலோரக் கதிரையிலிருந்து அன்ரி எழுந்து வந்தார். எழுபது வயதில், மடங்காத முழங்காலை மடக்கித் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, முயலுக்கு என்ன ஆகுமோ என்ற முகத்தோடு கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "அடுத்த கிழமையும் வா, எனக்கு முயலைப் பிடித்திருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு இந்திரகுமார் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

அதனால் மரியாதையைக் குறைவில்லாமல் செய்ய நினைத்தார். கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சுற்றிவரத் தங்கநிறச் சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை பென்டில் ஹில் தமிழ்க்கடையில் மாலை வாங்கினார். நூலகத்தில் நெருப்பு வைக்கக்கூடாது என்பதால் பேட்டரியில் எரிகிற குத்துவிளக்கு. லியானுக்குப் போர்த்த ஒரு பொன்னாடை. கல்யாணி சட்டத்தின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தாள்.

"அன்ரி பாக்க எவ்ளோ லட்சணமா இருக்காங்க, இல்லண்ணா?"

"ஓம். கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி."

இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் ஒரு விஷயத்தில் சண்டையில்லாமல் ஒத்துப்போனால் மூன்றாவது ஆளைக் கேட்பது நல்லது. இவர்கள் கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்கு லியான் வந்தாள். கதவைத் திறந்தவள் ஒரு அடி வைத்தாள். எதிரே விளக்கு, மாலை, தாய். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இந்திரகுமார் பின்னாலேயே ஓடினார். கார் நிறுத்துமிடத்தில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கள் குடும்பத்தில் ஒருவர் போனால், ஒரு வருடத்துக்கு அவர் படத்தைப் பார்க்க மாட்டோம். பெயரைச் சொல்ல மாட்டோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "அம்மாவின் அண்ணன் ஆறு மணிநேரம் ரயிலில் வந்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறார். இதைப் பார்த்தால் அப்படியே திரும்பிவிடுவார். அவர் போனால் என்னாலும் வாசிக்க முடியாது."

இந்திரகுமார் முப்பது வருடமாக இந்த நாட்டில் தொலைக்காட்சி பார்க்கிறார். இறந்தவர்களின் உருவமும் குரலும் இதில் வரலாம் என்று ஆதிக்குடி மக்களுக்கு ஒரு எச்சரிக்கை, நிகழ்ச்சி தொடங்குமுன் வெள்ளை எழுத்தில் வரும். அந்த நேரத்தில்தான் அவர் தேத்தண்ணி போட எழும்புவார்.

"பத்து நிமிசம் தாங்கோ பிள்ளை" என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

"கல்யாணி! அன்ரியின்ர பேர் எங்கெங்க இருக்குது?"

"பேனர்ல இருக்கு, நாற்பது நோட்டீஸ்ல இருக்கு, உங்க பேச்சுல இருக்கு. என்னண்ணா ஆச்சு?"

விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையில் கைவைத்தாள். பிறகு தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு நோட்டீஸ்களின்மேல் பாய்ந்தாள். பேனரில் பெயர் இருந்த இடத்தில் நூலகத்தின் 'அமைதி காக்கவும்' அட்டையை ஒட்டினாள். அருமையாகப் பொருந்தியது.

படம் இந்திரகுமாரின் பொறுப்பு. மாலையைக் கழற்றினார். சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கக் கை வரவில்லை. அது அவருடைய ஊரில் அவமரியாதை. லியானுக்கு வாங்கிய பொன்னாடையால் முகம் மூடிச் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் பின்கதவால் காருக்குக் கொண்டுபோய் முன்சீட்டில் வைத்தார். வாசலிலிருந்து காரைத் தள்ளி நிறுத்த எடுத்ததும் அது கூவத் தொடங்கியது. பெல்ட் போடச் சொல்கிறதாம். போட்டுவிட்டார்.

அவர் திரும்பி வரும்போது, தொப்பியோடு ஒரு முதியவர் லியானின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே ஒருதரம் பார்த்தார். வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

வரவேற்புரை மூன்று பக்கம். அதில் அன்ரியின் பெயர் பதினேழு இடத்தில் வந்தது. பெருமையோடு எண்ணி வைத்திருந்தார். இப்போது அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பெயரை எடுத்துவிட்டால் அதில் 'மாபெரும்' என்ற சொல்லும் முற்றுப்புள்ளிகளும்தான் மிஞ்சின.

"இந்த யன்னலோரக் கதிரையில் ஒருவர் இருந்தார்" என்று தன் ஆங்கிலத்தில் தொடங்கினார். "ஒருநாள் நான் முயல் கதை வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தரையில் வந்து இருந்து கேட்டார். எழும்ப அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நானும் இன்னொருவரும் பிடித்துத் தூக்கினோம். அவ்வளவுதான். மகள் இப்போது வாசிப்பார்."

முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

லியான் போய் யன்னலோரக் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். நாற்பது நிமிடம் வாசித்தாள். இந்திரகுமாருக்குப் பாதிதான் விளங்கியது. ஒரு கவிதையில் முயல் வந்தபோது கல்யாணி அவரை முழங்கையால் இடித்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்து போகும்போது லியான் கேட்டாள். "அந்தப் படம் எங்கே?"

"என்னுடைய காரில்."

"வைத்திருங்கள். ஒரு வருடம் முடிந்ததும் மாமாவைக் கேட்கிறேன். அவர் சரி என்றால் வந்து எடுக்கிறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பூக்களைத் தருவீர்களா?" என்றாள். மாலையைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

பின்னேரம் கதவைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினார். வீட்டில் மனைவி யோகா, பொன்னாடை போர்த்தி இது என்ன என்று கேட்பாள். அலமாரியில் சேலைகளுக்குக் கீழே இடம் கேட்க வேண்டும். அதற்கு ஒரு சண்டை இருக்கிறது. திருப்பத்தில் படம் சரியாமல் இடக்கையால் அணைத்துப் பிடித்தார்.

"வாங்கோ, போவம்" என்றார். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.