புதன்கிழமை விடுமுறை

சலவைக்கடைக்காரர் வழக்கம்போலக் குளித்து, சட்டையை மாட்டி, சாவிக்கொத்தோடு செருப்புவரை போய்விட்டார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்ட பிறகுதான் இன்று கடை கிடையாது என்பது உறைத்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொந்த வீட்டில் பகல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

எல்லாம் அந்தத் தொழிலாளர் ஆய்வாளரால் வந்த வினை. சின்ன வயசுப் பெண், சிரித்த முகமாகத்தான் பேசினாள். வாரத்தில் ஒரு நாள் கடையை மூட வேண்டும், எந்த நாள் என்று வாசலில் எழுதி மாட்ட வேண்டும், வேலை செய்கிறவருக்கு அன்றைக்கும் சம்பளம் உண்டு, இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்க முடியாது. அவரும் சரிம்மா, சரிம்மா என்று பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டு, "எவன்மா போட்டுக் குடுத்தது? எதிர்க்கடைக்காரனா?" என்று நைசாகக் கேட்டார். "வெளியாளுங்க யாரும் இல்லங்க" என்று சொன்னவள், சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெளியாள் இல்லையென்றால் வேறு யார்? கடையில் சம்பளம் வாங்குகிறவர் இஸ்திரிக்காரர் ஒருவர்தான். கடை திறந்த நாளிலிருந்து கூட இருப்பவர். ஒரு டீயை வாங்கி இரண்டாக ஆற்றிக் குடிக்கிற பழக்கம் இருவருக்கும். அவர் லீவு கேட்டதில்லை, கேட்டிருந்தால் கொடுக்காமலா இருந்திருப்பேன் என்று கடைக்காரர் தனக்குத்தானே வாதாடி, தானே ஜெயித்துக்கொண்டார். ஆனாலும் வயிறு எரிந்தது. அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. "வாப்பா" போய் "வாங்க" வந்தது. டீ தனித்தனியாக வந்தது.

"அண்ணே, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா?" என்று அந்த மனுஷன் கேட்டே விட்டார்.

"நீங்க என்னங்க தப்பு பண்ணப் போறீங்க. சட்டம் தெரிஞ்சவங்க."

இஸ்திரிக்காரர் ஒன்றும் விளங்காமல் உள்ளே போய், தேய்த்து மடித்த சட்டையையே பிரித்து மறுபடி தேய்த்தார். அதைப் பார்த்தும் கடைக்காரருக்கு மனசு இறங்கவில்லை. வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று பக்கத்துத் தையல்கடையில் சொல்லி வைத்துவிட்டு வந்தார்.

அதை இப்போது மனைவியிடமும் சொன்னார். "இந்த மாசத்தோட அவன அனுப்பிடலாம்னு இருக்கேன்."

தரையில் உட்கார்ந்து ஈரத்தலையைக் கோதிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அவரு இல்ல."

"எது அவரு இல்ல?"

"ஆபீசுக்கு போன் பண்ணது. நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். "வேலை செய்றவங்கதான்டி புகார் குடுக்கறது."

"பின்ன நான் அங்க என்ன பண்றேன்?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. துணி வாங்குவது, அடையாளச் சீட்டுக் குத்துவது, கறை எடுப்பது, அறுந்த பொத்தான் தைப்பது, கூட்டம் சேர்ந்தால் நீராவி மேசையில் நிற்பது எல்லாம் அவள்தான். இவர் யார் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, "அது நம்ம சம்சாரம்மா, சும்மா ஒத்தாசைக்கு" என்று அவர் சொன்னபோதும் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேக்காமலா? நம்ம கடைதானே, நமக்கு நாமே லீவு எப்படி குடுத்துக்கறதுன்னு சிரிப்பீங்க. எத்தனை தடவை கேக்கறது?" கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். "அந்த மனுஷன் தலையில விடியுதேன்னுதான் சொன்னேன். இல்லாட்டி சொல்லியே இருக்க மாட்டேன்."

பாயை விரித்துப் படுத்தாள். படுத்த சூட்டில் தூங்கியும் போனாள். அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. இரவில் அவருக்குப் பிறகு படுப்பாள், விடிவதற்குள் எழுந்துவிடுவாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முழங்கைக்குக் கீழே நீராவி பட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக. இஸ்திரிக்காரர் கையைச் சுட்டுக்கொண்டால் ஓடிப்போய் மருந்து வாங்கி வருகிறவர் அவர். இந்தக் கைக்கு எதையும் வாங்கி வந்த நினைவில்லை. வெட்கமாக இருந்தது. எழுப்பிச் சொல்லலாமென்றால், என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அது கிறீச்சென்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவள் புரண்டு படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நான்தான்." இஸ்திரிக்காரர். "நாளைக்கு வரட்டுமா, வேணாமாண்ணே? வேற ஆள் பாக்கறதா தையல்கடையில சொன்னாங்க. வேணாம்னா நேரா எங்கிட்டயே சொல்லிடுங்க."

"நீ வராம யாரு வர்றது?" என்றார் அடிக்குரலில்.

"கேக்கலண்ணே. சத்தமா சொல்லுங்க."

"வா. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். நாளைக்குப் பேசிக்கலாம். இப்போ சத்தமா பேச முடியாது, உங்க அண்ணி தூங்கறா."

அந்தப் பக்கம் பதறியது. "இந்நேரத்திலயா? அண்ணிக்கு என்னாச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல" என்றார். "அவளுக்கு இன்னிக்கு லீவு."

போனை வைத்துவிட்டுக் கதவில் கை வைத்தவர், அது போட்ட சத்தம் ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். வெயில் படியில் ஏறியிருந்தது. சுவரோரம் ஒரு ஆள் ஒண்டுகிற அளவு நிழல் மிச்சமிருந்தது. அதில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.